கடைசி இரண்டு நிமிடமும் ஃப்ரீ த்ரோ கணக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவின் கூடைப்பந்து பார்க்கத் தொடங்கிய எவருக்கும் முதலில் எரிச்சல் தருவது கடைசி ஒரு நிமிடம்தான். கடிகாரத்தில் 50 வினாடி என்று இருக்கும். அது முடிய கால் மணி நேரம் ஆகும். ஒருவர் இன்னொருவரைப் பிடித்து நிறுத்துகிறார், விசில், இரண்டு ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கோட்டிலிருந்து எறிவது, விழுந்தால் ஒரு புள்ளி), டைம் அவுட், மறுபடியும் பிடி, மறுபடியும் விசில். பாதியில் எழுந்து போகிறவர்கள் உண்டு. போகாமல் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்கிற கேள்விகள் இவை. வேறு போட்டி என்று சொல்லாத இடத்திலெல்லாம் பேசுவது என்பிஏ விதிகளைப் பற்றித்தான்.

தோற்றுக்கொண்டிருக்கும் அணி எதற்காக வேண்டுமென்றே ஃபவுல் செய்கிறது? எதிரணிக்குச் சும்மா புள்ளி கொடுப்பதுபோல இருக்கிறதே?

சும்மா கொடுக்கவில்லை. விலை கொடுத்து நேரம் வாங்குகிறது.

முன்னிலையில் இருக்கும் அணியிடம் பந்து இருந்தால், ஷாட் கிளாக் (ஷாட் போட ஓர் அணிக்கு உள்ள நேரத்தை எண்ணும் கடிகாரம்) அனுமதிக்கும் 24 வினாடியையும் அது கரைத்துவிடும். அந்த 24 வினாடிகள் தோற்கும் அணிக்குத் திரும்பக் கிடைக்காது. ஃபவுல் செய்தால் கடிகாரம் அங்கேயே நிற்கும். இரண்டு ஃப்ரீ த்ரோ போடும்வரை அது நகராது. அப்புறம் பந்து தோற்கும் அணியின் கைக்கு வரும்.

விலை எவ்வளவு என்று பார்ப்போம். லீக்கின் சராசரி ஃப்ரீ த்ரோ வெற்றி 78 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. இரண்டு போட்டால் சராசரியாக ஒன்றரைப் புள்ளிக்குச் சற்று மேல். சாதாரணமாக ஒரு முறை பந்தைக் கொண்டுபோய் ஆடினால் ஓர் அணி எடுப்பது சராசரியாக ஒன்றேகால் புள்ளிக்கும் கீழே. ஆக, அரைப் புள்ளிக்குப் பக்கமான ஒரு விலை கொடுத்து இருபது வினாடிக்கு மேல் வாங்குகிறார்கள். ஆட்டத்தின் நடுவில் இது முட்டாள்தனமான வியாபாரம். கடைசி நிமிடத்தில் ஐந்து புள்ளி பின்தங்கியிருக்கும் அணிக்கோ கையில் சரக்கு இருந்தும் கடை மூடப்போகிற நிலைமை. அப்போது நேரத்துக்கு எந்த விலையும் கொடுக்கலாம்.

எந்த ஃபவுலுக்கும் இரண்டு ஃப்ரீ த்ரோ உண்டா?

இல்லை. ஒரு கால்பகுதியில் ஓர் அணியின் முதல் நான்கு ஃபவுல்களுக்கு, அவை ஷாட் போடும்போது நடக்காதவை என்றால், வெறும் பந்து மட்டும்தான். ஐந்தாவதிலிருந்து இரண்டு ஃப்ரீ த்ரோ. இதைத்தான் 'போனஸ்' என்கிறார்கள். ஓவர் டைமில் (சமநிலையில் முடிந்தால் ஆடும் கூடுதல் நேரம்) நான்காவது ஃபவுலிலேயே போனஸ் வந்துவிடும்.

கடைசி இரண்டு நிமிடத்துக்குத் தனி விதி இருக்கிறது. அதுவரை போனஸ் எட்டாத அணிக்கு, அந்த இரண்டு நிமிடத்தில் ஒரே ஒரு ஃபவுல்தான் இலவசம். அடுத்ததற்கு ஃப்ரீ த்ரோ. கையில் இருக்கும் அந்த ஒரு இலவச ஃபவுலை நல்ல கோச்கள் சில்லறைக் காசுபோலப் பத்திரமாக வைத்திருப்பார்கள். எதிரணி கடைசி ஷாட்டுக்குத் திட்டம் போட்டு, பந்தை உள்ளே வீசி, நான்கு வினாடி ஓடியதும் ஒரு ஃபவுல். ஃப்ரீ த்ரோ கிடையாது, அவர்களின் திட்டம் கலைந்தது, நேரமும் போனது. தோற்கும் அணிக்கு இதே இலவச ஃபவுல் ஒரு பாரம். அதைத் தீர்த்துவிட்டு இன்னொன்று செய்தால்தான் எதிரணி ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போகும். இரண்டு தடவை பிடிக்க வேண்டும், அதற்குள் சில வினாடிகள் கரைந்துவிடும்.

எப்போதிலிருந்து ஃபவுல் செய்யத் தொடங்க வேண்டும்?

இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும்: ஆட்டக் கடிகாரம், ஷாட் கிளாக். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களுக்கு மிஞ்சப்போகும் நேரம்.

மூன்று புள்ளிக்குள் பின்தங்கியிருக்கிறீர்கள், 35 வினாடி இருக்கிறது, எதிரணி இப்போதுதான் பந்தை வாங்கியது என்று வைத்துக்கொள்வோம். ஃபவுல் தேவையில்லை. 24 வினாடி ஒழுங்காகத் தடுத்து ஆடுங்கள். அவர்கள் தவறவிட்டால் பந்து உங்களுக்கு வரும்போது பத்து வினாடி அளவுக்கு மிஞ்சும். ஒரு நல்ல ஷாட்டுக்கு அது போதும். டைம் அவுட் கையில் இருந்தால் தாராளம். இதில் பெரிய பயம் ரீபவுண்ட். அவர்கள் தவறவிட்ட பந்தை அவர்களே பிடித்துவிட்டால் ஷாட் கிளாக் 14க்குத் திரும்பும், உங்கள் திட்டம் காலி.

24 வினாடிக்குக் கீழே போய்விட்டால் யோசனையே வேண்டாம். பின்தங்கிய அணி உடனே பிடித்தாக வேண்டும். அங்கே தயங்கும் ஒவ்வொரு வினாடியும் வீண். பந்தை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வீசி ஐந்தாறு வினாடி ஓட்டிவிடுகிற அணிகள் உண்டு. அதைத் துரத்திக்கொண்டு ஓடுவதைப் பார்ப்பது, மழையில் பஸ்ஸைத் துரத்துகிறவரைப் பார்ப்பதுபோலப் பரிதாபமாக இருக்கும்.

நான்கு, ஐந்து, ஆறு புள்ளி பின்தங்கினால் கதை வேறு. ஒரு தடவை பந்து கிடைத்தால் போதாது, இரண்டு தடவையாவது வேண்டும். அதனால் 40, 45 வினாடி இருக்கும்போதே சில கோச்கள் ஃபவுலைத் தொடங்குவார்கள். ஒரு தடவை தடுத்துப் பார்ப்போம் என்று நினைப்பவர்களும் உண்டு. இதில் ஒரே சரியான பதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. யார் கையில் பந்து இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

யாரைப் பிடிப்பது?

அணியிலேயே மோசமாக ஃப்ரீ த்ரோ போடுகிறவரை. எண்களைப் பார்த்தாலே புரியும். 90 சதவீதம் போடுகிறவர் இரண்டையும் போட்டுவிடும் வாய்ப்பு 81 சதவீதம். 78 சதவீதக்காரருக்கு அது 61. 50 சதவீதக்காரருக்கு வெறும் 25. முதல் ஆளைப் பிடித்தால் கிட்டத்தட்ட இரண்டு புள்ளியைத் தட்டில் வைத்துக் கொடுக்கிறீர்கள். கடைசி ஆளைப் பிடித்தால் நான்கில் ஒரு தடவை ஒன்றுமே கொடுக்காமல் நேரத்தை வாங்குகிறீர்கள்.

எதிரணிக்கும் இது தெரியும். ஸ்டீஃபன் கரி போன்ற 90 சதவீதத்துக்கு மேலே போடும் ஒருவர் இருந்தால், பந்தை உள்ளே வீசும்போதே அவருக்குத்தான் போய்ச் சேரும்படி தடுப்பவர்களின் வழியை மறித்துத் திரை அமைப்பார்கள். மோசமாகப் போடுகிற உயரமான சென்டர் அந்த நேரத்தில் பெஞ்சில் இருப்பார். ஃப்ரீ த்ரோவுக்காக ஆட்டம் நிற்கும்போதெல்லாம் ஆட்களை மாற்றலாம் என்பதால், தாக்க ஓர் ஐந்து பேர், தடுக்க வேறு ஐந்து பேர் என்று கோச்கள் மாற்றி மாற்றி அனுப்புவார்கள். கடைசி நிமிடம் இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பந்து கையில் இல்லாதவரையே போய்ப் பிடித்தால் என்ன? 'ஹேக் எ ஷாக்' என்பது அதுதானே?

அதேதான், ஆனால் கடைசி இரண்டு நிமிடத்தில் அது செல்லாது. பந்தோடு சம்பந்தமில்லாதவரைப் பிடித்தால், களத்தில் இருக்கும் யாரை வேண்டுமானாலும் அனுப்பி எதிரணி ஒரு ஃப்ரீ த்ரோ போடலாம்; பந்தும் அவர்களிடமே இருக்கும். பந்தை உள்ளே வீசுவதற்கு முன்பே ஒருவரைப் பிடித்தாலும் இதே தண்டனை. ஒரு காலத்தில் வில்ட் சேம்பர்லினைப் பிடிக்க எதிரணியினர் மைதானமெங்கும் துரத்துவார்களாம், அவர் ஓடி ஒளிவாராம். ஏழடி மனிதர் ஓடி ஒளிவதைக் கற்பனை செய்து பாருங்கள்.

இந்த உத்திக்குப் பெயர் ஷாக்கீல் ஓ'நீலால் வந்தது. தொழில்முறை வாழ்வில் அவருடைய ஃப்ரீ த்ரோ 52.7 சதவீதம். ஆனால் டல்லாஸ் கோச் டான் நெல்சன் இதை முதலில் பேர்போன விதத்தில் செய்து பார்த்தது ஓ'நீல் மீதல்ல, 1997 டிசம்பரில் சிகாகோவின் டென்னிஸ் ராட்மன் மீது. அதற்காக அனுப்பப்பட்ட பப்பா வெல்ஸ் மூன்று நிமிடத்துக்குள் ஆறு ஃபவுல் செய்து வெளியேறினார். என்பிஏவில் அதைவிட வேகமாக யாரும் வெளியேறியதில்லை. பலன்? ராட்மன் 12இல் 9 போட்டார், சிகாகோ ஜெயித்தது.

பிற்பாடு மோசமாக ஃப்ரீ த்ரோ போட்ட டியாண்ட்ரே ஜோர்டான், ஆண்ட்ரே டிரம்மண்ட் காலத்தில் இது தொல்லையாகவே மாறியது. 2016 ஜனவரியில் ஹூஸ்டனுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் டிரம்மண்ட் 36 ஃப்ரீ த்ரோ போட்டு 23ஐத் தவறவிட்டார். பார்ப்பவர்களின் பொறுமையும் போனது. 2016–17 பருவத்திலிருந்து, நான்காம் கால்பகுதிக்கு மட்டும் இருந்த அந்தத் தண்டனையை எல்லாக் கால்பகுதிகளின் கடைசி இரண்டு நிமிடத்துக்கும் நீட்டினார்கள்.

மோசமாகப் போடுகிறவர்கள் வேறு மாதிரி போட்டுப் பார்க்கக் கூடாதா?

ரிக் பேரி இரண்டு கையாலும் கீழிருந்து வீசி 90 சதவீதத்தை ஒட்டிப் போட்டார். சேம்பர்லின் 1962 மார்ச் 2 அன்று 100 புள்ளி எடுத்த ஆட்டத்தில் அதே முறையில் 32இல் 28 போட்டார். அப்புறம் அதை விட்டுவிட்டார். பார்க்கக் கேலிக்குரியதாக இருக்கிறது என்பதுதான் காரணம். அவருடைய மொத்தக் கணக்கு 51.1 சதவீதத்தில் முடிந்தது. மானம் பெரிதா மதிப்பெண் பெரிதா என்பது அவரவர் முடிவு.

வேண்டுமென்றே பிடிப்பது ஃப்ளாக்ரன்ட் ஃபவுல் ஆகாதா?

சாதாரணமாகப் பிடித்தால் ஆகாது. பந்து வைத்திருப்பவரின் இடுப்பையோ கையையோ லேசாகப் பிடித்து நடுவரின் கண்ணைப் பார்த்தால் போதும். சாதாரண ஃபவுல் என்றே எழுதுவார்கள். தேவையில்லாத முரட்டுத்தனம் இருந்தால்தான் ஃப்ளாக்ரன்ட். எதிரில் தடுக்க ஆளில்லாமல் கூடையை நோக்கி ஓடுகிறவரைப் பின்னாலிருந்து பிடித்தால் அது 'கிளியர் பாத்': இரண்டு ஃப்ரீ த்ரோ, பந்தும் அவர்களுக்கே. அவசரத்தில் இதில் மாட்டுகிறவர்கள் உண்டு.

வேகமான எதிர்த்தாக்குதலை நிறுத்தச் செய்யும் ஃபவுலுக்கு 2022–23 பருவத்திலிருந்து ஒரு ஃப்ரீ த்ரோவும் பந்தும் தண்டனையாக வைத்திருக்கிறார்கள். ஆனால் நான்காம் கால்பகுதி, ஓவர் டைம் இவற்றின் கடைசி இரண்டு நிமிடத்துக்கு அது பொருந்தாது. பின்தங்கிய அணி மீண்டு வர ஒரு வழியாவது இருக்கட்டும் என்று விதி எழுதியவர்களே விட்டுவைத்த கதவு அது.

மூன்று புள்ளி முன்னிலை, எதிரணியிடம் பந்து, சில வினாடிகள் மிச்சம். ஃபவுல் செய்ய வேண்டுமா?

எல்லோரும் சண்டை போடும் கேள்வி இதுதான். என் பதில்: ஆறு வினாடிக்குக் கீழே என்றால் செய்யலாம், பத்துக்கு மேலே என்றால் வேண்டாம், நடுவில் என்றால் உங்கள் அணியில் ஃப்ரீ த்ரோ யார் போடப்போகிறார் என்று பாருங்கள்.

ஃபவுலுக்கு ஆதரவான கணக்கு எளிது. தோராயமான எண்களை வைத்துப் பார்ப்போம். தடுத்து ஆடினால், எதிரணிக்கு மூன்று புள்ளி ஷாட் ஒன்றுதான் வழி. அது விழும் வாய்ப்பு 30 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விழுந்தால் ஓவர் டைம், அதில் பாதிக்குப் பாதி. ஆக நூற்றில் 15 தடவை தோல்வி. ஃபவுல் செய்தால், அவர்கள் முதல் ஃப்ரீ த்ரோவைப் போட வேண்டும், இரண்டாவதை வேண்டுமென்றே தவறவிட வேண்டும், அந்தப் பந்தைப் பிடிக்க வேண்டும், உடனே கூடையில் போட வேண்டும். 78 சதவீதத்தை ரீபவுண்டுக்கான 15 சதவீதத்தால் பெருக்கி, அதில் பாதி விழுந்தால் நூற்றில் ஆறு தடவைதான் சமநிலை. தோல்வி மூன்று தடவை. ரீபவுண்டைப் பிடித்தவர் வெளியே வீசி ஒரு மூன்று புள்ளி ஷாட் விழுந்தால் நேராகவே தோல்வி என்பதையும் சேர்த்துக்கொண்டாலும், ஃபவுல்தான் மலிவு.

தாளில் இவ்வளவு தெளிவாக இருப்பது களத்தில் குழம்புவதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, பிடிக்கும் கணத்தில் அவர் ஷாட் போடக் கையைத் தூக்கிவிட்டால் மூன்று ஃப்ரீ த்ரோ. ஃபவுல் வருகிறது என்று தெரிந்தே கையைத் தூக்கும் கில்லாடிகள் லீக் முழுக்க இருக்கிறார்கள். அதனால் அவர் முதுகைக் காட்டி நிற்கும்போதோ, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெகுதூரத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு வரும்போதோதான் பிடிக்க வேண்டும். இரண்டாவது, நேரம். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பத்து வினாடி இருக்கும்போது பிடித்தால் அவர்கள் இரண்டையும் போட்டு முன்னிலையை ஒன்றாக்குவார்கள், உடனே உங்களைப் பிடிப்பார்கள். இப்போது உங்கள் ஆள் ஃப்ரீ த்ரோ கோட்டில் நிற்கிறார். நிம்மதியாகத் தடுத்து ஆடியிருக்க வேண்டிய ஆட்டம் ஃப்ரீ த்ரோ போட்டியாக மாறிவிட்டது.

2025 மே 5 அன்று ஓக்லஹோமா சிட்டிக்கு நடந்தது இதுதான். டென்வருக்கு எதிராக மூன்று புள்ளி முன்னிலையில் அவர்கள் சீக்கிரமாகவே ஃபவுல் செய்தார்கள். 119–118 என்று ஆனது. 9.5 வினாடி இருக்கையில் செட் ஹோம்க்ரென் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு வந்து இரண்டையும் தவறவிட்டார். ரசல் வெஸ்ட்புரூக் கொடுத்த பந்தை ஏரன் கார்டன் 2.8 வினாடி இருக்கையில் மூன்று புள்ளியாக்கினார். 121–119, டென்வர். அதே மாதம் 21ஆம் தேதி நியூயார்க்கும் இண்டியானாவுக்கு எதிராகக் கடைசி மூன்று நிமிடத்துக்குள் 14 புள்ளி முன்னிலையைக் கரைத்தது. கடைசி வினாடிகளில் கார்ல் அந்தோனி டவுன்ஸும் ஓ.ஜி. அனுனோபியும் ஆளுக்கு ஒரு ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டார்கள். இண்டியானாவின் டைரிஸ் ஹாலிபர்ட்டன் மூன்று புள்ளிக் கோட்டை மிதித்தபடி போட்ட ஷாட் உயரத் துள்ளி உள்ளே விழுந்தது. இரண்டு புள்ளிதான், ஆனால் சமநிலைக்கு அதுவே போதுமாக இருந்தது. ஓவர் டைமில் இண்டியானா 138–135.

2013 இறுதித் தொடரில் சான் அன்டோனியோ ஃபவுல் செய்திருந்தால் ஜெயித்திருக்காதா?

ஜூன் 18, ஆறாவது ஆட்டம். மயாமிக்கு எதிராக 95–92. லெப்ரான் ஜேம்ஸ் மூன்று புள்ளி ஷாட்டைத் தவறவிட்டார், கிறிஸ் பாஷ் பந்தைப் பிடித்து மூலையில் பின்வாங்கிக்கொண்டிருந்த ரே ஆலனுக்குக் கொடுத்தார், 5.2 வினாடி மிச்சமிருக்கச் சமநிலை. ஓவர் டைமில் 103–100 என்று மயாமி ஜெயித்தது, ஏழாவதையும் ஜெயித்துக் கோப்பையை எடுத்தது.

ஃபவுல் செய்யாததற்காக அப்போதைய சான் அன்டோனியோ கோச் பாப்போவிச்சை இன்றைக்கும் திட்டுகிறார்கள். நான் அவர் பக்கம். மூன்று புள்ளி முன்னிலை வந்தபோது கடிகாரத்தில் 19.4 வினாடி. அப்போது பிடித்திருந்தால் மேலே சொன்ன ஃப்ரீ த்ரோ போட்டியில்தான் மாட்டியிருப்பார்கள். அன்றைக்கு அவர்களின் ஃப்ரீ த்ரோ கை எப்படி இருந்தது என்று பாருங்கள்: அதற்குச் சற்று முன் மனு ஜினோபிலி இரண்டில் ஒன்று, கவாய் லெனர்ட் இரண்டில் ஒன்று. தவறிய அந்த இரண்டில் ஒன்று விழுந்திருந்தால் ஆலனின் ஷாட் சமநிலையைத் தந்திருக்காது. குறை சொல்ல வேண்டும் என்றால் ரீபவுண்டைச் சொல்லலாம். வெளியே நிற்கும் ஷூட்டர்களைத் துரத்த வேண்டும் என்று டிம் டங்கனை பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். பாஷ் பிடித்த பந்து டங்கன் நின்றிருக்க வேண்டிய இடத்தில்தான் விழுந்தது.

இரண்டாவது ஃப்ரீ த்ரோவை வேண்டுமென்றே தவறவிடுவது அவ்வளவு எளிதா?

இல்லவே இல்லை. பந்து வளையத்தைத் தொட்டே ஆக வேண்டும். தொடாவிட்டால் பந்து எதிரணிக்கு. தொடும்வரை போடுகிறவர் கோட்டைத் தாண்டக் கூடாது. வரிசையில் நிற்பவர்களில் தடுப்பவர்கள் மூன்று பேர், போடுகிறவரின் அணி இரண்டு பேர், கூடைக்குப் பக்கத்து இடங்கள் தடுப்பவர்களுக்கு. வாழ்க்கை முழுக்க உள்ளே போடப் பழகிய கை, திடீரென்று வெளியே போட வேண்டும் என்றால் குழம்புகிறது. தவறவிட நினைத்துப் போட்டு உள்ளே விழுந்து, போட்டவர் தலையில் கைவைத்துக்கொண்ட காட்சிகளும் உண்டு.

அழகாக நடந்ததற்கு உதாரணம் லூக்கா டான்சிச். 2022 டிசம்பர் 27, நியூயார்க்குக்கு எதிராக டல்லாஸ். கடைசி 34 வினாடிக்குள் ஒன்பது புள்ளி பின்தங்கியிருந்தார்கள். 4.2 வினாடி இருக்கையில் மூன்று புள்ளி பின்தங்கிய நிலையில் அவர் முதலாவதைப் போட்டார், இரண்டாவதை வளையத்தில் மோதவிட்டார். கைகள் பட்டுச் சிதறிய பந்து அவரிடமே திரும்பி வந்தது, சாய்ந்தபடி போட்டார், 115–115. ஓவர் டைமில் டல்லாஸ் ஜெயிக்க, அவர் கணக்கில் 60 புள்ளி, 21 ரீபவுண்ட், 10 அசிஸ்ட்.

ஜெயிக்கிற அணியும் வேண்டுமென்றே தவறவிடுமா?

சில சமயம். ஒரு வினாடிக்கும் குறைவு, முதல் ஃப்ரீ த்ரோ விழுந்து இரண்டு மூன்று புள்ளி முன்னிலை, எதிரணியிடம் டைம் அவுட் இல்லை. இரண்டாவதும் உள்ளே போனால் கடிகாரம் நின்றபடியே இருக்கும். அவர்கள் நிதானமாகப் பந்தை எடுத்து நீளமாக வீசலாம். வளையத்தில் மோதித் திரும்பினால், யார் கை பட்டதோ அந்தக் கணமே கடிகாரம் ஓடும். பந்தைப் பிடித்துத் திரும்புவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். இங்கே தன் ஆட்களை வரிசையில் நிறுத்தாமல் பின்னாலேயே வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். ரீபவுண்டுக்குப் போய் ஒரு ஃபவுல் கொடுத்துவிட்டால் எல்லாம் பாழ்.

மூன்று பின்தங்கியிருக்கும்போது சட்டென்று இரண்டு எடுப்பதா, மூன்றுக்குப் போவதா?

இருபது வினாடி இருந்தால் எளிதாகக் கிடைக்கும் இரண்டை எடுத்துவிட்டு ஃபவுல் செய்யலாம். பத்து வினாடிக்குக் கீழே மூன்றுதான். இரண்டை எடுக்க ஆறேழு வினாடி செலவழித்தால் அது சட்டென்று எடுத்தது ஆகாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இதில் டைம் அவுட்டுக்கு என்ன வேலை?

நிறைய. கடைசி இரண்டு நிமிடத்தில் டைம் அவுட் எடுத்தால், பந்தைத் தன் கூடைக்கு அடியிலிருந்து வீசாமல் நேராக எதிரணியின் பாதிக்கு நகர்த்தி அங்கிருந்து உள்ளே வீசலாம். எதிரணி ஃப்ரீ த்ரோ போட்ட பிறகு மைதானம் முழுக்க ஓடும் மூன்று நான்கு வினாடி இதனால் மிச்சம். ஓர் ஆட்டத்துக்கு ஏழு டைம் அவுட் இருந்தாலும், கடைசி மூன்று நிமிடத்துக்கு இரண்டுக்கு மேல் கொண்டுவர முடியாது. அதனால் பின்தங்கிய அணியால் எத்தனை தடவை ஃபவுல் செய்து மீண்டு வர முடியும் என்பதற்கு இந்த இரண்டும் ஒரு வரம்பு. இரண்டும் தீர்ந்த பிறகு டைம் அவுட் கேட்டால் டெக்னிக்கல் ஃபவுல்.

ஸ்கோர் சமமாக இருக்கும்போது ஃபவுல் செய்வதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

கிடையாது. ஆனால் நடந்திருக்கிறது. 1995 மே 7, நியூயார்க்குக்கு எதிராக இண்டியானா, 18.7 வினாடி, ஆறு புள்ளி பின்னால். ரெஜி மில்லர் ஒரு மூன்று போட்டார், உள்ளே வீசிய பந்தைப் பறித்துக் கோட்டுக்கு ஓடி இன்னொரு மூன்று. 105–105. சமநிலை என்பதைக் கவனிக்காத சாம் மிட்செல் உடனே ஜான் ஸ்டார்க்ஸைப் பிடித்துவிட்டார். ஸ்டார்க்ஸ் இரண்டையும் தவறவிட்டார் என்பது மிட்செலின் அதிர்ஷ்டம். அடுத்து ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு வந்த மில்லர் தன் இரண்டையும் போட்டு 107–105.

அழுத்தத்தில் கை நடுங்குவது உண்மையா, அல்லது நாம் கட்டும் கதையா?

நாம் நினைவில் வைத்திருப்பது தவறியவற்றைத்தான். கடைசி நிமிடத்தில் விழுந்த ஆயிரக்கணக்கான ஃப்ரீ த்ரோக்களை யாரும் பேசுவதில்லை. 78 சதவீதம் போடுகிற நல்ல ஆளும் இருபதில் ஒரு தடவை இரண்டையும் தவறவிடுவார். அது நடுக்கமே இல்லாமல் வெறும் கணக்காகவே நடக்கும்.

அப்படிச் சொல்லிவிட்டு, 1995 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தைப் பார்த்தால் வாயடைத்துப் போகிறது. ஆர்லாண்டோ மூன்று புள்ளி முன்னிலை, 10.5 வினாடி. நிக் ஆண்டர்சன் இரண்டைத் தவறவிட்டார். பந்து அவரிடமே திரும்பியது, மறுபடியும் ஃபவுல், மறுபடியும் இரண்டு, மறுபடியும் இரண்டும் போச்சு. நான்கில் ஒன்று விழுந்திருந்தால் போதும். ஹூஸ்டனின் கென்னி ஸ்மித் 1.6 வினாடியில் மூன்று போட்டார், ஓவர் டைமில் 120–118, தொடரையும் 4–0. அடுத்த பருவங்களில் ஆண்டர்சனின் ஃப்ரீ த்ரோ பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 1996–97இல் 40 சதவீதத்தை ஒட்டி வந்து நின்றது. இதை வெறும் கணக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1997 இறுதித் தொடரின் முதல் ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. 82–82, 9.2 வினாடி. 'தபால்காரர்' என்ற பட்டப்பெயர் கொண்ட யூட்டாவின் கார்ல் மலோன் கோட்டுக்கு வந்தபோது, ஞாயிற்றுக்கிழமை தபால்காரர் வரமாட்டார் என்று ஸ்காட்டி பிப்பன் அவர் காதில் போட்டார். இரண்டும் தவறின. கடைசி ஷாட்டை மைக்கேல் ஜோர்டான் போட்டு சிகாகோவை ஜெயிக்கவைத்தார்.

சர்வதேசப் போட்டிகளில் இதே உத்திகள் செல்லுமா?

பாதி செல்லும். சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதியில் பந்தைத் தட்ட உண்மையான முயற்சி இருக்க வேண்டும். வெறுமனே கட்டிப்பிடித்தால் நடுவர் அதை விளையாட்டு உணர்வற்ற ஃபவுல் என்று எழுதி இரண்டு ஃப்ரீ த்ரோவும் பந்தும் கொடுத்துவிடலாம். அதனால் அங்கே பந்தைத் தட்டப் போவதுபோலப் போய்த்தான் பிடிப்பார்கள். ஓர் ஆளுக்கு ஆறு ஃபவுல் கிடையாது, ஐந்துதான். ஆட்டமும் 40 நிமிடம் என்பதால் முக்கியமான ஆட்கள் கடைசிக்குள் நான்கு ஃபவுலோடு நிற்பது சாதாரணம்.

இந்தக் கடைசி நிமிட இழுவையை ஒழிக்க யாரும் முயலவில்லையா?

முயன்றிருக்கிறார்கள். என்பிஏவின் துணை லீகான ஜி லீகில் 2019–20 முதல், இரண்டு ஃப்ரீ த்ரோவுக்குப் பதில் இரண்டு புள்ளி மதிப்புள்ள ஒரே ஒன்றைப் போடுகிறார்கள். நேரம் நன்றாகவே மிச்சமாகிறது. ஆனால் நான்காம் கால்பகுதியின் கடைசி இரண்டு நிமிடத்திலும் ஓவர் டைமிலும் பழைய முறைதான். இழுவை இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தைச் சுருக்கியிருக்கிறார்கள். ஒரு விதத்தில் நியாயமும்கூட: ஒன்றைப் போட்டு இன்னொன்றைத் தவறவிடும் தந்திரம் எல்லாம் ஒரே எறியில் செத்துப்போகும்.

வேரிலேயே கைவைத்தவர் நிக் ஈலம். ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் கடிகாரத்தை அணைத்துவிட்டு, ஓர் இலக்குப் புள்ளியை வைத்து, அதை முதலில் எட்டுகிற அணிக்கே வெற்றி என்றார். வாங்குவதற்கு நேரம் என்று ஒன்று இல்லாதபோது, ஃபவுல் செய்து விலை கொடுக்க யாருக்கும் காரணம் இல்லை. 2020 என்பிஏ ஆல் ஸ்டார் ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியை அப்படி ஆடினார்கள். முன்னிலை அணியின் புள்ளியோடு, கோபி பிரையன்ட்டின் நினைவாக 24ஐக் கூட்டி இலக்கு 157 என்று வைத்தார்கள். பல வருடங்களில் இல்லாத அளவுக்கு எல்லோரும் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். 156–155 என்று வந்தபோது ஆண்டனி டேவிஸ் மீது ஒரு ஃபவுல். முதலாவதைத் தவறவிட்டார். இரண்டாவது உள்ளே போனது, ஆட்டம் முடிந்தது.